தீர்மானம் எண் நான்கு

மின்மீட்டர் அறையைத் தரைத்தளத்திலிருந்து
முதல் மாடிக்கு ஏற்றுவது.
மோட்டார், லிப்ட், படிக்கட்டு விளக்கு
எல்லாவற்றுக்கும் கம்பி அங்கிருந்துதான் கிளம்புகிறது.
செலவு ஆறு லட்சத்து நாற்பதாயிரம்.
பொருள் இவ்வளவுதான்.

கிங்ஸ் சர்க்கிள், நீலாம்பரி குடியிருப்போர் சங்கம்.
குறிப்பெழுதுகிறவள் நான்.
கூட்டத்துக்கு இருநூறு ரூபாய், ஒரு சமோசா.
அவர்கள் மராத்தியிலும் குஜராத்தியிலும் சண்டை போடுவார்கள்,
நான் தமிழில் கேட்டு
ஆங்கிலத்தில் எழுதுவேன்.

ஏழாம் மாடி கார்கானிஸ் எழுந்தார்.
இரண்டாயிரத்து ஐம்பது, என்றார்.
கையில் அறிக்கை, அதில் மஞ்சள் கோடுகள்.
'ஐம்பதில் எனக்கு நூற்றிரண்டு வயது.'
பாதி அறை சிரித்தது.

மூன்றாம் மாடி ருதுஜா, கடலியல் படிக்கிறவள்,
அதே தாளை வாங்கி அடிக்குறிப்பை வாசித்தாள்:
முப்பத்தைந்துக்கும் வாய்ப்பு உண்டு.
'வாய்ப்பு என்றால் எத்தனை சதவீதம்?'
ஹன்ஸ்முக் காலாவுக்கு வீட்டுக்கடன்
நாற்பத்தொன்றில் முடிகிறது.
'அதற்கு முன்னாலா, பின்னாலா?
அதை மட்டும் சொல்லிவிடு மகளே.'
தாதர் ஸ்டேஷனில்
எந்த நடைமேடை என்று கேட்கும் அவசரம் குரலில்.

ஐந்தாம் மாடி ஃபர்டாடோவுக்கு வருடமே பிடிக்கவில்லை.
'நான் அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து
மூழ்கும் மூழ்கும் என்கிறார்கள்.
சட்டைதான் நீண்டது.'

எழுதிக்கொண்டே போகையில் கவனித்தேன்,
மாடி இறங்க இறங்க
வருடமும் இறங்குகிறது.

தரைத்தளம் மூன்றாம் எண், ஷெனாய் அம்மா
வருடம் எதுவும் சொல்லவில்லை.
'போன செவ்வாய்க்கிழமை' என்றாள்.
அன்றைய கூட்டத்தில்
இறந்தகாலத்தில் பேசிய ஒரே வாய்.

'அது சாக்கடை, கடல் இல்லை' என்றார் கார்கானிஸ்.
மாநகராட்சியின் கணக்கு வேறு,
பருவநிலையின் கணக்கு வேறு.
ருதுஜாவே கொஞ்சம் தயங்கி
ஆமாம், ஒரு மழையை வைத்துச் சொல்ல முடியாது என்றாள்.
'என் அரிசி ட்ரம்முக்கு அது தெரியவில்லையே'
என்றாள் ஷெனாய் அம்மா.
இதை நான் எழுதவில்லை.
எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

தலைக்கு மேல் போன வெள்ளம்
சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன என்பார்கள் எங்களில்.
போன பிறகு சரி.
தலைக்குக் கீழே
ஒவ்வொரு சாணுக்கும் ஒரு விலை இருக்கிறது:
கணுக்காலில் செருப்பு,
அதற்கு மேல் ஒரு சாணில் கேஸ் சிலிண்டர் மிதக்கும்,
முழங்காலில் ஃப்ரிட்ஜின் மோட்டார்,
இடுப்பில், மீட்டர் அறையின் அடிவரிசைப் பெட்டிகள்.
அறைச் சுவரில் பழைய கறைக்கோடு ஒன்று உண்டு.
போன தீபாவளிக்கு
சங்கச் செலவில் அதன்மேல் வெள்ளையடித்தோம்.
அந்த ரசீதும் என் கோப்பில்தான் இருக்கிறது.

ஒன்றேகால் மணி நேரம்.
சமோசா ஆறிப்போனது.
எழுதினேன்: ஆண்டு குறித்துக் கருத்து ஒன்றுபடவில்லை.
பொருள் ஒத்திவைக்கப்படுகிறது.
அடுத்த கூட்டம் ஜூலை பதினான்கு, ஞாயிறு,
பகல் பன்னிரண்டரை, இதே இடம், கார் நிறுத்துமிடம்.

வாசலில் நின்றிருந்த காவலாளி ராம்சூரத்
சட்டைப்பையிலிருந்து
நாலாக மடித்த செய்தித்தாள் துண்டை எடுத்தார்.
பெருங்கடலேற்றம் உள்ள நாட்கள், நேரம், உயரம்.
விரலை வைத்துத் தேடி நிறுத்தினார்.
'சாப், அன்றைக்குப் பன்னிரண்டு நாற்பதுக்கு
நாலு புள்ளி ஏழு மீட்டர்.
மழையும் சேர்ந்தால் இங்கே நிற்கும்.
நாற்காலிகளை எங்கே போடட்டும்?'

யாரும் சதவீதம் கேட்கவில்லை.
அறிக்கையைப் புரட்டவில்லை.
'மொட்டைமாடி' என்றார் கார்கானிஸ்.
'தகரக் கூரை இருக்கிறது' என்றார் ஃபர்டாடோ.
காலா ஏற்கெனவே கையைத் தூக்கியிருந்தார்.

இந்தச் சங்கத்தில் ஒன்பது வருடமாக எழுதுகிறேன்,
'ஏகமனதாக' என்ற சொல்லுக்கு
அன்றுதான் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன்.

ஷெனாய் அம்மா மட்டும்
முழங்காலைத் தடவியபடி
எட்டு மாடி ஏறணுமா என்றாள்.
லிப்ட் இருக்கிறதே, என்றது ஒரு குரல்.
யாருடையது என்று
குறிப்பில் இல்லை.